வெறுங்கால் தலைமுறை

மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு வானொலியில் கடல் வானிலை தொடங்கியது.

ரைமோ கையை உயர்த்தினார். அந்த வீட்டில் கடல் வானிலை நேரத்தில் யாரும் பேசக்கூடாது. ஒரு பெண் ஒவ்வொரு கலங்கரை விளக்கமாகப் பெயர் சொல்லி, அங்கே காற்று எந்தத் திசை, என்ன வேகம் என்று வாசித்துக்கொண்டே போவாள். ரைமோவிடம் படகு இல்லை. எப்போதும் இருந்ததில்லை. நீச்சலும் தெரியாது.

ரைமோ சுந்தெலின் என் மாமனார். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஹில்க்கா என் மாமியார். ஜூலை மாதம் முழுவதும் என்னைத் தனியே சமைக்கவிட மாட்டேன் என்று ஹில்க்கா தினமும் மதியம் கூப்பிடுவார். புது உருளைக்கிழங்கு, வெண்ணெய், ஊறவைத்த மீன், சதகுப்பைத் தழை. என் கணவன் யூரி ஏரித்தீவில் இருந்தான், கோடைவீட்டின் படித்துறையைப் பழுதுபார்க்க. பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, படித்துறை காத்திருக்காது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

ஊத்தோ தீவில் தென்மேற்குக் காற்று என்று அந்தப் பெண் வாசித்தபோது எனக்குப் பனிக்குடம் உடைந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. ஹெல்சின்கி கலங்கரை விளக்கம் வரும்வரை ரைமோவின் கை இறங்காது. நாற்காலியிலிருந்து தரைக்கு நீர் சொட்டியது. ஹில்க்கா குனிந்து பார்த்தார். எழுந்துபோய் வானொலியை அணைத்தார்.

"ஹெல்சின்கி இன்னும் வரலையே" என்றார் ரைமோ.

"வந்தாச்சு. கீழே பார்" என்றார் ஹில்க்கா.

நான் மருத்துவமனைக்கு ஃபோன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். மருத்துவச்சி வலியைப் பற்றிக் கேட்டாள், நீரின் நிறத்தைக் கேட்டாள், பிறகு சொன்னாள்.

"இங்கே இடமில்லைங்க. ஒரு வார்டைக் கோடைக்காக மூடியிருக்காங்க. எஸ்போவுக்குப் போங்க, நான் சொல்லி வைக்கிறேன். முதல் பிரசவம்தானே, நிதானமாப் போகலாம்."

"எங்க வீட்டுல யாருக்கும் நிதானமா ஆனதில்லை" என்றேன்.

"அப்ப சீக்கிரம் கிளம்புங்க."

எஸ்போ பக்கத்து நகரம். அந்தச் சொல் கேட்டதும் ரைமோ முள்கரண்டியைக் கீழே வைத்தார். ஃபோனை எடுத்துக்கொண்டார்.

"நான் குழந்தையோட தாத்தா பேசறேன்."

"சொல்லுங்க."

"இது நாலாவது தலைமுறை."

"வலி யாருக்கு?"

"என்னது?"

"வலி உங்களுக்கா, அவங்களுக்கா?"

"அவளுக்கு."

"அப்ப ஃபோனை அவங்ககிட்ட கொடுங்க."

*

ரைமோவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு சொல்தான். பல்யஸ்யல்கைனென். வெறுங்கால்காரன். ஹெல்சின்கியில் பிறந்தவனை அப்படிச் சொல்வார்கள்.

வருடத்தில் ஒரு நாள் ஜூன் பன்னிரண்டாம் தேதி, நகரத்தின் பிறந்தநாளன்று, கல்லியோ பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் வெறுங்கால் மன்றம் கூடும். ரைமோ அதன் தலைவர். எழுந்து நின்று அந்தச் சொல்லைப் பற்றிப் பேசுவார். எட்டு வருடங்களாக ஒரே பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

"இந்த ஊருக்கு மத்தவன் எல்லாம் எப்படி வந்தான்? ரயில்ல வந்தான், பஸ்ல வந்தான், கப்பல்ல வந்தான். எப்படி வந்தாலும் காலில் பூட்ஸ் போட்டுக்கிட்டு வந்தான். நாம எப்படி வந்தோம்? அம்மா வயித்துலேர்ந்து வந்தோம். வெறுங்காலோட வந்தோம். அதுதான் அந்தச் சொல்."

இருபது பேர் கைதட்டுவார்கள். ஊரில் ஆறு லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். மன்றத்துக்குப் பின்னறை போதுமானதாக இருந்தது.

ஹில்க்காவுக்கு வேறு விளக்கம் உண்டு. அவர் அதே கல்லியோவில் பிறந்தவர். அந்தக் காலத்தில் இங்கே இருந்தது பாறையும் தொழிலாளர்களும்தான், பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுக்கக் காலணி இல்லை, பணக்காரத் தெருக்காரர்கள் கேலி செய்ய வைத்த பெயர் அது, பிறகு கேலிக்கு உள்ளானவர்களே அதை மெடலாகக் குத்திக்கொண்டார்கள் என்பார். ரைமோ அதை மறுப்பார். இரண்டு பேரிடமும் ஆதாரம் கிடையாது.

என்னிடம் விளக்கமே இல்லை. நான் சுவோமுஸ்ஸல்மிக்காரி. ரஷ்ய எல்லைக்குப் பக்கம். எங்கள் ஊரில் வெறுங்காலோடு நடப்பவனுக்குப் பெயர் வைக்க மாட்டார்கள். பழைய பூட்ஸ் ஒரு ஜோடி கொடுத்து அனுப்புவார்கள்.

ரைமோ என்னை முதல் சந்திப்பில் லாண்டே என்றார். நாட்டுப்புறம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் பல் மருத்துவர். அவர் வாயில் மேல்வரிசையில் நான்கு பற்கள் நான் கட்டியவை. வெறுங்கால்காரன் என்ற சொல்லை அவர் இவ்வளவு சுத்தமாக உச்சரிப்பது அதற்குப் பிறகுதான்.

மன்றத்து விதிப்படி அப்பா அம்மா இருவரும், அவர்களைப் பெற்றவர்களும், இந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும். யூரி என்னைக் கட்டிக்கொண்டதும் விதி மாறியது. அப்பா வழி மட்டும் போதும் என்று தலைவர் அறிவித்தார். யாரும் எதிர்க்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் எங்கெங்கோ போய்க் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பிறக்கும் இடத்தை மட்டும் ஒரு முழமும் நகர்த்த மாட்டோம் என்றார்கள். நகர எல்லைக்குள் பிறக்க வேண்டும்.

இந்த வருட ஜூன் பன்னிரண்டில் ரைமோ என்னை மேடைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். என் வயிற்றைக் காட்டி, அடுத்த வருடம் இதே இடத்தில் நான்காம் தலைமுறையைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்பேன் என்றார். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கால் வீங்கியிருந்தது. ஸ்டூல் கேட்டேன். யாருக்கும் காதில் விழவில்லை.

*

"பதிவுல தாய் குடியிருக்கிற ஊரைத்தான் எழுதுவாங்க" என்றார் ஹில்க்கா. என் பையைத் தேடிக்கொண்டிருந்தார். "எஸ்போவுல பெத்தாலும், நிலாவுல பெத்தாலும் காகிதத்துல ஹெல்சின்கிதான். காரை எடு."

"காகிதம் வேற" என்றார் ரைமோ. "கால் வேற."

"உன் தாத்தா சிபோ கிராமத்துலேர்ந்து வைக்கோல் வண்டியில வந்தவர்."

"அவர் கணக்குல இல்லை."

"எஸ்போவுல என்ன குறை?"

"அவன் ஊர்ச் சின்னத்தைப் பார்த்திருக்கியா? குதிரை லாடம். எஸ்போகாரன் பிறக்கும்போதே லாடம் அடிச்சுக்கிட்டுத்தான் பிறப்பான்."

இதுவும் பேச்சில் வரும் நகைச்சுவை. இந்த இடத்தில் இருபது பேரும் சிரிப்பார்கள். சமையலறையில் யாரும் சிரிக்கவில்லை.

டாக்ஸி கூப்பிடுகிறேன் என்றேன். கார் வாசலில் நிற்கும்போது டாக்ஸி எதற்கு என்றார் ரைமோ. திடீரென்று சுறுசுறுப்பாகிவிட்டார். சாவியை எடுத்தார், தொப்பியை எடுத்தார், பெரிய துண்டு இரண்டை மடித்துக் கக்கத்தில் வைத்தார். எஸ்போவைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

செருப்புக்குள் கால் நுழையவில்லை. விட்டுவிட்டேன். படிகள் குளிர்ச்சியாக இருந்தன.

காரின் முன்னிருக்கையில் குழந்தைக்கான கூடை நாற்காலியை ரைமோ மே மாதமே பூட்டி வைத்திருந்தார். கழற்ற அரை மணி நேரம் ஆகும். நானும் ஹில்க்காவும் பின்னால் ஏறினோம். யூரிக்கு ஃபோன் செய்தேன். பின்னணியில் சுத்தியல் சத்தம் கேட்டது.

"இப்பவேவா?" என்றான்.

"இப்பவே."

"யார் ஓட்டறாங்க?"

"உங்கப்பா."

"அப்பாவா? அப்ப கவலையில்லை. அவருக்கு ஊர்ல தெரியாத சந்து கிடையாது."

அது உண்மைதான்.

*

ஜூலையில் ஹெல்சின்கியில் பாதித் தெருக்களைத் தோண்டிப் போட்டிருப்பார்கள். ஆட்கள் ஊரில் இல்லாதபோது குழாய் மாற்றுவார்கள். ரைமோ ஒரு தடுப்புப் பலகையைப் பார்த்து வலதுபக்கம் திரும்பினார். இன்னொன்றைப் பார்த்து மறுபடி வலதுபக்கம். ஓரமாக, மெதுவாக, ஒவ்வொரு பாதசாரிக்கும் நின்று வழிவிட்டு ஓட்டினார். சாதாரணமாக அவர் பாதசாரிக்கு நிற்பவர் இல்லை.

வலி வரும்போது நான் ஜன்னலுக்கு வெளியே ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வேன். முதல் வலிக்கு ஐஸ்கிரீம் கியோஸ்க் ஒன்று கிடைத்தது. சிவப்புத் தொப்பி போட்ட தடித்த மனிதர் வரிசையின் கடைசியில் நின்றார். சிவப்பை விடாமல் பார்த்தேன். வலி போனது.

அடுத்த வலிக்கு கல்லியோ தேவாலயத்தின் கோபுரம். அதற்கடுத்ததற்கு மறுபடி ஒரு ஐஸ்கிரீம் கியோஸ்க். சிவப்புத் தொப்பி போட்ட தடித்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து பாதி தின்றிருந்தார்.

நகரத்தில் சிவப்புத் தொப்பிக்காரர்கள் பலர் இருக்கலாம் என்று நினைத்தேன். வலியில் மூளை தாராளமாகிவிடுகிறது.

மறுபடி கோபுரம். ஹில்க்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பார்க்கவில்லை. "வேகமாத்தான் வருது" என்றார். "ரைமோ, வேகமா வருது."

"ரோட்டைப் பாரு, எப்படித் தோண்டிப் போட்டிருக்கான்" என்றார் ரைமோ. "ஜூலையில இவனுங்களுக்கு இதே வேலை."

மூன்றாவது தடவை கியோஸ்க் வந்தது. மனிதர் விரல்களை நக்கிக்கொண்டிருந்தார்.

"ரைமோ, இந்தக் கடையை மூணாவது தடவை பார்க்கிறேன்."

"எல்லாக் கியோஸ்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரே கம்பெனி."

"ஐஸ்கிரீம் தின்கிற ஆளுமா?"

அவருடைய கழுத்தின் பின்பக்கம் சிவந்தது. ஹில்க்கா முதல் தடவையாக நிமிர்ந்து வெளியே பார்த்தார். அவருக்கும் அந்த ஊரில் தெரியாத சந்து கிடையாது.

"இது நம்ம மீன் கடை" என்றார் மெதுவாக. "நம்ம வீட்டுலேர்ந்து இரண்டு தெரு."

சிக்னல் சிவப்பில் நின்றது. பக்கத்தில் டிராம் ஒன்று நின்றது. உள்ளே இருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையை ஃபோனுக்குத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்றார் ரைமோ. முன்னால் பார்த்தபடியே, கெஞ்சுகிற குரலில் பேசினார். "யோசிச்சுதான் செய்யறேன். வலி முத்தட்டும். முத்தினதும் நேரா நம்ம ஆஸ்பத்திரி வாசலுக்குப் போயிடறேன். இங்கேருந்து நாலு சிக்னல். வாசல்ல வந்து துடிக்கிறவளை எஸ்போவுக்குப் போன்னு அனுப்ப முடியாது. எடுத்துத்தான் ஆகணும். நான் விசாரிச்சு வச்சிருக்கேன்."

"எப்ப விசாரிச்ச?" என்றார் ஹில்க்கா.

"ஜூன்ல."

"இறங்கு."

"ஹில்க்கா, பச்சை விழப்போகுது."

"இறங்கு ரைமோ."

பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். ஹில்க்கா நடுரோட்டில் இறங்கி, சுற்றி வந்து, முன்கதவைத் திறந்து அவருடைய சட்டைக் காலரைப் பிடித்தார். ரைமோ இறங்கினார். முன்னிருக்கையில் அவர் பூட்டிய கூடை நாற்காலி இருந்தது. பின்னால் வருவதைத் தவிர வேறு இடமில்லை. என் கால் பக்கம் ஒடுங்கி உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஹில்க்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நாலு சிக்னல்தான் கைசு. இப்பப் போனா எடுத்துப்பாங்க. எஸ்போ தூரம்."

அது சரியான யோசனை. யாரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ரைமோவின் முகத்தைப் பார்த்தேன். அதில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அவ்வளவு தெருவும் சுற்றிவிட்டு, பிடிபட்டு, காலரைப் பிடித்து இறக்கப்பட்டு, கடைசியில் அவர் நினைத்த இடத்துக்கே போய்ச் சேரப்போகிறார். ஜூன் பன்னிரண்டில் அந்தப் பின்னறையில் எழுந்து நிற்பார். கையில் என் குழந்தை இருக்கும். இருபது பேர் கைதட்டுவார்கள்.

"எஸ்போ" என்றேன்.

"கைசு" என்றார் ஹில்க்கா.

"எஸ்போவுக்கு ஓட்டுங்க ஹில்க்கா. அங்கேதான் சொல்லி வச்சிருக்காங்க."

ஹில்க்கா கியரைப் போட்டார். "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி" என்றார்.

*

என் தம்பி பிறந்தது டாக்ஸியில். மருத்துவமனை எங்கள் வீட்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். பனிக்காலம். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது என்பதைத்தான் அம்மா இன்றைக்கும் சொல்வாள். எங்கள் பக்கத்தில் அது பெரிய கதை இல்லை. பள்ளியில் என் வகுப்பில் மூன்று பேர் வழியில் பிறந்தவர்கள். எந்த எல்லைக்கு இந்தப் பக்கம், எந்த எல்லைக்கு அந்தப் பக்கம் என்று அவர்களை ஒருவரும் கேட்டதில்லை. காடு ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஹில்க்கா நன்றாக ஓட்டினார். அதுவரை எனக்கு அது தெரியாது. அந்த வீட்டில் ரைமோதான் ஓட்டுவார். மன்னர்ஹெய்ம் சாலையில் டிராமை முந்தினார். முன்கினியெமி தாண்டும்போது எனக்கு மலம் வருவதுபோல இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும்.

"வருது" என்றேன்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடு" என்றார் ஹில்க்கா. ரைமோ அவசர எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். ஓர் ஆண் குரல், இளம் வயது, பதற்றம் இல்லாத அமைதி.

"எங்கே இருக்கீங்க?"

"துர்க்கு நெடுஞ்சாலையில ஏறிட்டோம்" என்றார் ஹில்க்கா. "எஸ்போ பக்கமாப் போறோம்."

"நிறுத்த முடியுமா?"

"ஓரத்துல இடமில்லை. பாலம் தாண்டி நிறுத்தறேன்."

"சரி, மெதுவாப் போங்க. பின்னால யார் இருக்காங்க?"

"நான்" என்றார் ரைமோ. "தாத்தா."

"தாத்தா, உங்க பேரு?"

"ரைமோ சுந்தெலின்."

"ரைமோ, தலை தெரியுதா பாருங்க."

நான் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கதவில் முதுகைச் சாய்த்து, கால்களை அவர் பக்கம் நீட்டியிருந்தேன். அவர் பின்னிருக்கைக்கும் முன்னிருக்கைக்கும் நடுவில் மண்டியிட்டு இறங்கினார். முதுகு அந்தப் பக்கத்துக் கதவில் இடித்தது. நான் அவருக்குக் கட்டிய பற்கள் நான்கும் தெரியும்படி வாய் திறந்திருந்தது. எட்டு வருடங்களில் நான் அவரை வெறுத்த அளவுக்கு யாரையும் வெறுத்ததில்லை. இப்போது அவருடைய கைகளைத் தவிர எனக்கு வேறு கை இல்லை.

"தெரியுது" என்றார்.

"இழுக்கக்கூடாது. கையை அடியில வச்சுக்கங்க. தானா வரும். துண்டு இருக்கா?"

"இருக்கு. இரண்டு."

துண்டை அவர் எதற்காக எடுத்து வந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காரிலேயே ஆனாலும் பரவாயில்லை, அந்தத் தெருக்களுக்குள் ஆகட்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அதைச் சொல்லி அவரைத் திட்ட நினைத்தேன். அதற்குள் உடம்பு என்னைக் கேட்காமல் முக்க ஆரம்பித்தது.

பாலத்தில் ஏறினோம். அவருடைய தோளுக்கு மேலே ஜன்னலில் விரிகுடா வந்தது. வெள்ளைப் பாய்மரப் படகு ஒன்று. தென்மேற்குக் காற்று. நான் அந்தப் படகைப் பிடித்துக்கொண்டேன். கத்தினேன். தலை வந்தது, தோள் வந்தது, பிறகு ஒரே வழுக்கலில் எல்லாம் வந்தது.

"வந்தாச்சு" என்றார் ரைமோ. பிறகு, "அழலை" என்றார்.

"துடைங்க" என்றது குரல். "முதுகைத் தேய்ங்க. நல்லாத் தேய்ங்க. பயப்படாதீங்க."

அவர் தேய்த்தார். நான் பார்த்தது நீல நிறம். ஒரு சிறிய முதுகு, அதன்மேல் அவருடைய புள்ளி விழுந்த பெரிய கை. மேலும் கீழும். கார் பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஹில்க்காவின் கண்கள் மட்டும் வந்து வந்து போயின.

"ரைமோ, நிறுத்தாதீங்க."

"நிறுத்தலை" என்றார். "அழுடா. அழு. திட்டு. ஏதாவது செய்."

அழுதது. பூனை மாதிரி ஒரு சத்தம், பிறகு மனிதர் மாதிரி. நீலம் விலகிச் சிவப்பு வந்தது. பெண் குழந்தை. ரைமோ துண்டில் சுற்றி என் மார்மேல் வைத்தார். அவர் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வாயை, மூக்கை, சுருண்ட விரல்களை. முதுகுக்குப் பின்னால் என்ன போகிறது என்று திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மனிதரை அப்படி ஒரு நாளும் நான் கண்டதில்லை.

பாலம் முடிந்தது. அவருடைய தோளுக்கு மேலே ஜன்னலில் ஒரு பலகை வந்தது. இரண்டு மொழிகளில் எஸ்போ என்று எழுதியிருந்தது. மேலே கிரீடம் வைத்த தங்க லாடம். குழந்தை அழுதுகொண்டிருக்கும்போதே அது எங்களைக் கடந்து பின்னால் போனது.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது.

*

ஹில்க்கா ஒரு பேருந்து நிறுத்தத்தில் வண்டியை ஒதுக்கினார். எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு இறங்கி வந்து கதவைத் திறந்து, குழந்தையை வெகு நேரம் பார்த்தார்.

"மூக்கு உன்னோடது" என்றார் என்னிடம். "தப்பிச்சுது."

ஆம்புலன்ஸ் வந்தது. குட்டையான ஒரு பெண் ஏறி வந்து தொப்புள்கொடியைக் கிளிப் போட்டு வெட்டினாள், குழந்தையின் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள், என் வயிற்றை அழுத்தினாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். யார் பிடித்தது என்று கேட்டாள். ஹில்க்கா ரைமோவைக் காட்டினார்.

"நல்லாப் பண்ணியிருக்கீங்க" என்றாள் அவரிடம்.

ரைமோ நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுவதும் ரத்தம். அழுதுகொண்டிருந்தார், சத்தமில்லாமல். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு மாணவன் அவரிடமிருந்து எட்டிப்போய் நின்றான். அந்தத் தெருக்களையும் கியோஸ்கையும் ஜூன் மாதத்து விசாரணையையும் நான் மறந்துவிடக்கூடும் என்று ஒரு கணம் தோன்றியது. அவர் தேய்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். ரைமோ எழுந்து வந்தார். துண்டின் நுனியை விலக்கிப் பார்த்தார். முகத்தை அல்ல. கால்களை. இரண்டு பாதங்களையும் ஒரு விரலால் தொட்டார். பிறகு தலையைத் தூக்கி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். தூரத்தில் பாலமும், அதற்கு இந்தப் பக்கத்தில் பலகையின் முதுகும் தெரிந்தன. அவர் உதடுகள் அசைந்தன. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஹில்க்கா" என்றார். "இவ அழுதப்போ வண்டி எங்கே இருந்துது?"

"ரோட்டுல."

"போர்டு தாண்டிட்டோமா அப்போ?"

"நான் கண்ணாடியில உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். போர்டை யார் பார்த்தா?"

ஹில்க்கா சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறவர் பலகையைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆனால் அதைச் சொல்லும் உரிமையை அவர் எனக்கு விட்டுவிட்டார்.

ரைமோ ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டார். குட்டைப் பெண் கதவைச் சாத்தக் காத்திருந்தாள். அவர் குனிந்து, குரலைத் தாழ்த்தி, ஆஸ்பத்திரியில் கெட்ட செய்தி கேட்கிற ஆளைப் போலக் கேட்டார்.

"கைசு, நீதானே ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தே. லாடம் முதல்ல வந்துதா, இவ முதல்ல வந்தாளா?"